கள்ளக்குறிச்சி மரணங்களும் கூட்டுப் பாவப் பொறுப்பும்

ஒருவர் செய்த தீமைக்கு அவர் வாழும் சமூகமும் கடவுள்முன் பதில் சொல்ல வேண்டும் என்னும் விவிலியக் கருத்தே கூட்டுப் பாவப் பொறுப்பு. தமிழ்க் கிறித்தவத்தில் இது குறைவாகவே பேசப்படுகிறது. கத்தோலிக்கரின் பாவசங்கீர்த்தனம் பெரும்பாலும் ஒருவர் குருவிடம் தனியாகச் சொல்வதாகவே நடைமுறையில் உள்ளது. எழுப்புதல் கூட்டங்களின் சாட்சியமோ, குடிகாரனாக இருந்த தன்னை ஆண்டவர் மீட்டார் என்ற வடிவிலேயே பெரும்பாலும் அமைகிறது. இரண்டிலும் பாவம் ஒரு மனிதனுக்குள் தொடங்கி அவனுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நேர்ந்த சாவுகளை இந்தப் பார்வையால் விளக்க முடியாது.

கள்ளக்குறிச்சி நகரத்தின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் ஜூன் 18, 19 தேதிகளில் அடுத்தடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். இறந்தோர் எண்ணிக்கை 65-ஐத் தாண்டியது. பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள், பெண்களும் இறந்தனர். இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் என அரசு அறிவித்ததும், குடித்துச் செத்தவனுக்கு எதற்கு வரிப்பணம் என்ற கேள்வி எழுந்தது. உயர் நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது. இழப்பீட்டுத் தொகை சரியா என்பது வேறு விவாதம். ஆனால் அவனவன் பாவம் அவனவனோடு என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதைத் தேவாலயத்துக்கு உள்ளேயும் கேட்கலாம்.

இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது எசேக்கியேல் 18. தந்தையின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்கிறது அந்த அதிகாரம். ஆனால் எசேக்கியேல் பேசியது, நாடு கடத்தப்பட்ட நிலையில் முன்னோர்மீது பழிபோட்டு, தாங்கள் திருந்த மறுத்தவர்களிடம். சாக்குப்போக்கை அடைப்பதற்காகச் சொல்லப்பட்டதை அடுத்த வீட்டுச் சாவிலிருந்து விலகி நிற்கப் பயன்படுத்துவது தலைகீழ் வாசிப்பு. மறுபக்கம் யோசுவா 7 இருக்கிறது. ஆகான் ஒருவன் திருடியதற்கு இஸ்ரவேல் முழுவதும் போரில் தோற்கிறது. அவனோடு அவன் பிள்ளைகளும் அழிவதை இன்றைய வாசகர் ஏற்பது கடினம், ஏற்கவும் வேண்டியதில்லை.

இந்த இரண்டைவிடக் கள்ளக்குறிச்சிக்கு நெருக்கமானது உபாகமம் 21:1–9. வயல்வெளியில் ஒரு பிணம் கிடக்கிறது. கொன்றவன் யாரென்று தெரியவில்லை. மூப்பரும் நியாயாதிபதிகளும் பிணத்திலிருந்து சுற்றியுள்ள ஊர்கள்வரை தூரத்தை அளக்கிறார்கள். மிக அருகிலுள்ள ஊரின் மூப்பர்கள், உழவு காணாத ஓடைப் பள்ளத்தாக்கில் ஒரு கிடாரியின் கழுத்தை முறித்து, அதன்மேல் கைகழுவி, தங்கள் கை இந்த இரத்தத்தைச் சிந்தவில்லை என்கிறார்கள். அதே மூச்சில் மன்னிப்பும் கேட்கிறார்கள். கொலை செய்யாதவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? குற்றம் ஒருவனுடையது, பொறுப்பு ஊருடையது என்ற பிரிவை இந்தச் சடங்கு தன் போக்கில் வகுத்துவிடுகிறது.

யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா (சோட்டா 9:6) இதே கேள்வியைக் கேட்கிறது. மூப்பர்கள் கொலைகாரர்கள் என்று யார் நினைத்தது? வந்தவனுக்கு உணவு கொடுக்காமலோ, வழித்துணை இல்லாமலோ தாங்கள் அனுப்பிவிடவில்லை என்பதே அவர்கள் சொல்வதன் பொருள் என அது விளக்குகிறது. இது எளிய உறுதிமொழி அல்ல. உண்மையோடு சொல்லக்கூடிய ஊர்கள் எத்தனை இருக்கும்?

கருணாபுரத்திலிருந்து தூரத்தை அளந்தால் கயிறு எங்கெங்கோ போகிறது. காவல் நிலையமும் நீதிமன்றமும் அருகிலேயே இருந்தன. அரசு மதுக்கடையைவிட மலிவாகச் சாராயப் பாக்கெட் கிடைத்தது. முந்தைய ஆண்டு மே மாதம்தான் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இதே மெத்தனால் உயிர்களைக் குடித்திருந்தது. பாக்கெட் எங்கே விற்கிறது என்பது தெருவுக்கே தெரியும்.

ஆனால் கூட்டுப் பொறுப்புக்கு ஓர் ஆபத்தான இரட்டைப் பிறவி உண்டு: கூட்டுப் பழி. மத்தேயு 27-இல் பிலாத்துவும் கைகழுவுகிறான், மன்னிப்புக் கேட்பதில்லை. அங்கே கூட்டம் எழுப்பிய குரலை வைத்து யூதர் அனைவரையும் கிறித்தவ உலகம் நூற்றாண்டுகளாக வதைத்தது. 1965-இல்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தப் பழியைத் தள்ளியது.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உள்ள கல்வராயன் மலைக்கு நேர்வதும் இதன் சிறிய வடிவமே. ஊறல் அழிப்புச் செய்திகளால் மலை முழுவதும் சாராய மலை என்று பெயர்பெற்றுவிட்டது. அங்கே சாராயம் காய்ச்சுவோர் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மெத்தனால் வெல்லமும் பட்டையும் போட்ட ஊறலில் வடித்ததல்ல, ஆலைகளுக்கான வேதிப்பொருள், வெளியிலிருந்து வந்தது. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலையாளிப் பழங்குடியினருக்குச் சாலையும் பள்ளியும் மருத்துவமும் எந்த அளவில் போய்ச் சேர்ந்தன என்ற கேள்வியை, இத்தனை பேர் இறந்த பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கேட்க வேண்டியிருந்தது. மலையைப் பழித்தவர்கள் அதுவரை அந்தத் தூரத்தை அளந்ததில்லை.

திருச்சபை இந்தப் போதனையை ஊருக்குச் சொல்லும்முன் தன் வாசலிலிருந்து கயிற்றைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இதே மாவட்டத்தின் உளுந்தூர்பேட்டை வட்டத்தில் உள்ளது எறையூர். செபமாலை அன்னை ஆலயத்தைச் சேர்ந்த தலித் கத்தோலிக்கர், சாதிப் பாகுபாடு தாங்காமல் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டனர். 2008 மார்ச் 9 அன்று வன்முறை வெடித்தது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். கல் எறிந்தவர்களை வழக்கில் சேர்க்கலாம். பிணம் போகும் பாதையைக்கூடச் சாதி பார்த்துப் பிரித்த ஞானஸ்நானம் பெற்ற சமூகத்தை எந்த வழக்கில் சேர்ப்பது? தனித்தனியாகப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவர்களில் ஒருவர்கூட அதைத் தன் பாவமாகச் சொல்லாமல் திரும்பிவிடலாம். முறைப்படி அது முழுமையான பாவசங்கீர்த்தனமாகவே இருக்கும்.