ஸ்டோன்மேன்: செத்தவன் யாரு?

எங்க மேலநீலிதநல்லூரில் பம்பாய்க்குப் பிழைக்கப் போய் வந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. என் சித்தப்பாவும் அதில் ஒருவர். 1986-ல் தாராவியில் சொந்தக்காரர் வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு, உள்ளே படுக்க இடமில்லாமல் ராத்திரி சயான் பக்கம் நடைபாதையில் படுத்தவர். போன வாரம் அவரோடு உட்கார்ந்து 'த ஸ்டோன்மேன் மர்டர்ஸ்' பார்த்தேன். மணீஷ் குப்தா இயக்கி 2009-ல் வந்த இந்திப் படம்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1985-லிருந்து 1987 வரை பம்பாயில் சயான், கிங்ஸ் சர்க்கிள் வட்டாரத்தில், தெருவில் தனியாகத் தூங்கியவர்கள் பன்னிரண்டு பேர் செத்தார்கள். எல்லாரையும் தலையில் பெரிய கல்லைப் போட்டுத்தான் கொன்றிருந்தது. 1989-ல் கல்கத்தாவிலும் அதே மாதிரி, ஆறு மாதத்தில் 13 பேர். 'ஸ்டோன்மேன்' என்று பேர் வைத்தது அங்குள்ள பத்திரிகைகள். இரண்டு ஊரிலும் ஒரே ஆளா, வேறு வேறு ஆட்களா? இன்றுவரை விடை இல்லை.

படத்தில் கே கே மேனன், வேலையிலிருந்து சஸ்பெண்ட் ஆன போலீஸ்காரர். கொலைகாரனைப் பிடித்தால் வேலை திரும்பக் கிடைக்கும் என்று தேடி அலைகிறார். மனுஷன் நன்றாகத்தான் நடித்திருக்கிறார். ராத்திரிப் பம்பாயும் நம்பும்படி இருக்கிறது. ஆனால் கதை போகப் போக, 'இவருக்கு வேலை கிடைக்குமா' என்பதுதான் நம் கவலை ஆகிவிடுகிறது. கடைசியில் நிஜத்தில் கிடைக்காத விடையைப் படம் கற்பனையாகக் கொடுத்தும் விடுகிறது.

அது முடிந்ததும் சித்தப்பா கேட்டார்: "எல, கொன்னவன் யாருன்னு சொல்லிட்டான். செத்தவன் யாருன்னு சொல்லவே இல்லியே?"

என் விமர்சனம் மொத்தமும் இந்தக் கேள்விதான்.

ஒரு கொலையை விசாரிக்கிற போலீஸ் செத்தவரிடமிருந்துதான் ஆரம்பிக்கும். அவருக்கு யாரோடு பகை, கடைசியாக யாரோடு பேசினார் என்று கேட்டுக்கொண்டே போகும். இங்கே செத்தவர்களில் பெரும்பாலோருக்கு அடையாளம் சொல்லக்கூட ஆள் வரவில்லை. ஆயுதமோ தெருவில் கிடந்த கல். பம்பாயில் தப்பிப் பிழைத்த ஒரு வெயிட்டரும் இருட்டில் முகத்தைப் பார்க்கவில்லை. கொலைகாரன் பெரிய புத்திசாலியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. யாரும் தேடாத ஆட்களைத் தேர்ந்தெடுத்தாலே போதும். வழக்கு துலங்காமல் போனதற்கு இது ஒரு பெரிய காரணம். ஒரு கற்பனை வில்லனைக் கொண்டுவந்து நிறுத்தியதும் இந்தக் காரணம் காணாமல் போகிறது. நாமும் நிம்மதியாக எழுந்து போய்விடுகிறோம்.

இதோடு பாங் ஜூன் ஹோவின் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003) படத்தை வைத்துப் பாருங்கள். தென்கொரியாவின் ஹ்வாசோங்கில் 1986 முதல் 1991 வரை நடந்த பெண்கள் கொலைதான் கதை. படம் வந்தபோது அந்த வழக்கும் துலங்கவில்லை. பாங் விடை சொல்லவில்லை. போலீஸின் அடியையும், பொய் வாக்குமூலத்தையும், கையாலாகாத்தனத்தையும் காட்டிவிட்டு, நாயகனைக் கேமராவை நேராகப் பார்க்க வைத்து முடித்தார். 2019-ல், மரபணுச் சோதனை வழியாக, ஏற்கெனவே வேறொரு கொலைக்காகச் சிறையில் இருந்தவன் மாட்டினான். அப்போதுதான் இன்னொன்றும் உறுதியானது. அந்தக் கொலைகளில் ஒன்றுக்காகச் சுமார் 20 வருஷம் உள்ளே கிடந்தவர் நிரபராதி. 2020-ல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. எப்படியாவது ஒரு விடை வேண்டும் என்ற அவசரம் ஒரு மனுஷனின் பாதி ஆயுசைத் தின்றிருக்கிறது.

சித்தப்பாவிடம் அந்த நாட்களைப் பற்றிக் கேட்டேன். "நாங்க நாலஞ்சு பேரு சேந்துதான் படுப்போம். தனியாப் படுக்கவனுக்குத்தான் பயம். பக்கத்துல ஒருத்தன் படுப்பான், பீடி கேப்பான். ஒருநாள் ஆளக் காணும். ஊருக்குப் போனானா, என்ன ஆனான்னு தெரியாது. அவன் பேரக்கூட நாங்க கேட்டதில்ல" என்றார்.

கே கே மேனனுக்காகப் படத்தை ஒருமுறை பார்க்கலாம். எனக்குப் பார்க்க ஆசையாக இருப்பது அந்தப் பீடி கேட்டவனின் படம்.