சொல்னிட்டும் நியூ ஆர்லியன்ஸ் வீட்டுக் கணக்கும்

2018 நவம்பரில் கஜா அடித்த பிறகு நானும் ரெண்டு நண்பர்களும் ஒரு வேன் நிறைய தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி ஏத்திக்கிட்டு பேராவூரணி பக்கம் போனோம். மூணு நாள். திரும்பி வந்ததும் படித்தது ரெபெக்கா சொல்னிட்டின் 'எ பாரடைஸ் பில்ட் இன் ஹெல்' (2009). ரொம்பப் பிடித்துப்போய் நாலு பேருக்கு வாங்கியும் கொடுத்தேன். போன மாதம் மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை உறுத்தியது.

பேரழிவு வந்தால் மக்கள் மிருகமாகிவிடுவார்கள் என்பது பொய். முன்பின் தெரியாதவர்கள்தான் ஒருவரையொருவர் காப்பாற்றுகிறார்கள், பதறுவது அதிகாரத்தில் இருப்பவர்கள். இதுதான் அவர் வாதம். 2005 கத்ரீனா பகுதிதான் உச்சம். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் 80 சதவீதம் தண்ணீரில். டி.வி.யில் கொள்ளை, கொள்ளை என்று செய்தி. நிஜத்தில் சொந்தப் படகில் ஆட்களை மீட்டவர்கள், அல்ஜியர்ஸில் இலவச மருத்துவமனை தொடங்கிய தன்னார்வலர்கள். அதே பகுதியில் கறுப்பர்களைச் சுட்ட வெள்ளையர்கள். இதையெல்லாம் பதிவு செய்தது பெரிய வேலை, சந்தேகமே இல்லை.

என் பிரச்சினை அதுக்கப்புறம். தன்னார்வலர்கள் முகமூடி போட்டுக்கொண்டு, பூஞ்சை பிடித்த சுவர்ப்பலகைகளை மரச்சட்டம் தெரியும்வரை உரித்தெடுத்தார்கள். அந்தச் சட்டத்தின்மேல் மறுபடி சுவர் ஏறுமா? அதைத் தீர்மானித்தது 2006-ல் லூசியானா மாநிலம் தொடங்கிய 'ரோடு ஹோம்' திட்டம். வீட்டின் பழைய மதிப்பு, திரும்பக் கட்டும் செலவு, ரெண்டில் எது குறைவோ அது. அதில் காப்பீட்டுப் பணம் கழியும். உச்சவரம்பு 1,50,000 டாலர். ப்ரோக்ராம் எழுதுகிறவனுக்கு இது ஒரே வரி. உதாரணத்துக்கு, கட்ட 1,40,000 ஆகிற ரெண்டு வீடு, காப்பீடு கிடையாது. வெள்ளையர் தெருவில் மதிப்பு 1,50,000 என்றால் 1,40,000 கிடைக்கும். கறுப்பர் தெருவில் அதே வீட்டின் மதிப்பு 60,000 என்றால் 60,000தான். லோயர் நைன்த் வார்டு இந்த வரியில்தான் அடிபட்டது. பாட்டி பேரிலேயே பத்திரம் இருந்த குடும்பங்களுக்கு அதுக்கும் முன்னாடியே சிக்கல். 2008-ல் வழக்கு, 2011-ல் 6.2 கோடி டாலருக்குச் சமரசம்.

வழக்கின் முடிவு சொல்னிட்டுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. சூத்திரம் ஆனால் அப்போதே மூணு வருஷப் பழசு. அதிகாரம் பதறும்போது அவர் துல்லியமாகப் பிடிக்கிறார். அது நிதானமாக உட்கார்ந்து படிவம் தயாரிக்கும் நேரத்தில், அவர் கண் தன்னார்வலர்களின் சமையல் கூடாரத்திலேயே நிற்கிறது. என்னை மாதிரி மூணு நாள் ஆட்களுக்கு இந்தப் புத்தகம் ஏன் இவ்வளவு இனித்தது என்று இப்போது புரிகிறது.

கஜாவுக்கு அரசு அறிவித்தது தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500. நாங்கள் தார்ப்பாய் கொடுத்த ஒரு பெரியவர், தார்ப்பாயை மடித்து ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார். "தம்பி, பட்டா இன்னும் எங்கப்பா பேர்லயே கெடக்கு. எனக்குக் குடுப்பாங்களா? நெட்ல பாத்துச் சொல்லுங்களேன்."

பாத்துச் சொல்றேன்னு நம்பர் வாங்கிட்டு வந்தேன். கூப்பிடவே இல்லை.