அச்சில் மறைந்த ஆசிரியர்: நியூசிலாந்துக் குடியேற்றமும் மாவோரி அறிவும்

குடியேற்றக் காலனிகளில் அச்சு அறிவைப் பரப்பியது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அவ்வறிவு யாருடைய பெயரில் பரவியது என்னும் வினாவே ஆய்வுக்குரியது. நியூசிலாந்து ஆளுநராக விளங்கிய ஜார்ஜ் கிரே, தாம் திரட்டிய மாவோரித் தொன்மங்களை 1854இல் மாவோரி மொழியிலும் 1855இல் ஆங்கிலத்திலும் நூலாக்கினார். மக்களின் மொழியையும் மரபையும் அறியாமல் அவர்களை ஆளவியலாது என்பதே அத்தொகுப்புக்கு அவர் கூறும் காரணம். ஆட்சித் தேவையே இந்நூலின் தோற்றுவாய் என்பது இதனால் விளங்கும்.

தொகுப்பின் கணிசமான பகுதிக்கு மூலம், தே அராவா இனக்குழுவைச் சேர்ந்த தே ரங்கிகாஹேகே எழுதியளித்த கையெழுத்துப்படிகள். நூலிலோ அவர் பெயர் இல்லை. அப்பகுதியைப் பொறுத்தவரை, கிரே பெற்றது ஆசிரியர் ஒருவர் எழுதிய பனுவல். அதனைப் பெயரற்ற பொதுமரபாகக் காட்டியது அச்சே.

எனினும் அச்சு முழுவதும் ஆள்வோரின் கருவி என முடிவுசெய்தலும் பிழையாகும். 1859இல் நோவரா கப்பலில் வியன்னா சென்ற மாவோரியர் இருவர் அங்கு அச்சுத்தொழில் பயின்றனர். ஆஸ்திரியப் பேரரசர் வழங்கிய அச்சுப்பொறியைப் பெற்றனர். அப்பொறியில் மாவோரி மன்னர் இயக்கம் 1862 முதல் ‘தே ஹோக்கியோய்’ இதழை வெளியிட்டது. அதற்கு மறுப்பாக அரசு நடத்திய இதழின் அச்சகத்தை 1863 மார்ச்சில் மாவோரியர் கைப்பற்றினர். ஜூலையில் அரசுப் படை வைக்காட்டோவுக்குள் நுழைந்தது. மன்னர் இயக்கத்தின் இதழ் போரோடு நின்றது. ஆளுநரின் நூலோ மூலநூலாக நிலைத்தது.

ஆகவே, கிரேயின் தொகுப்பை மேற்கோள் காட்டும் ஆய்வாளர் கையெழுத்துப்படியின் ஆசிரியரையும் சுட்டுதல் வேண்டும். அது நன்றிக்கடன் மட்டுமன்று. மூலபாட ஆய்வின் அடிப்படை நெறியுமாகும்.