ஹோமர்: தீவுக் கரண்டின் கணக்குச் சரி, கம்பி எங்கே?

காற்றாலை 530 கிலோவாட். சூரியத்தகடு 1,700 கிலோவாட். பற்றரி 2,400 கிலோவாட் மணி. இவை கைவிடும் நேரத்துக்கு டீசல் 2,500 கிலோவாட். யாழ்ப்பாணத் தீவுகளான நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சேர்த்துத் தீட்டப்பட்ட கலப்பு மின்திட்டத்தின் எண்கள் இவை.

இந்த எண்களுக்குப் பின்னால் நீண்ட இழுபறி உண்டு. ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குப் போன வேலை, இந்தியா ஆட்சேபித்த பிறகு அந்த ஆண்டு டிசம்பரில் நின்றது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடையாக அதைச் செய்ய உடன்படிக்கை எழுதப்பட்டது. 2024 மார்ச் 1 அன்று பெங்களூரின் யூ சோலார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கைச்சாத்தானது. அரசியலைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். ஒரு தீவுக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு வெயில், எவ்வளவு பற்றரி என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் எழுதியவர்கள் குறைவு.

இந்த வகைக் கணக்குக்கு உலகெங்கும் பலர் முதலில் கையிலெடுப்பது ஹோமர் என்ற மென்பொருளை. அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வுகூடத்தில் 1990களில் பிறந்தது. 2009இல் தனி நிறுவனமாகப் பிரிந்தது, 2019இல் யூ.எல். நிறுவனத்தின் கைக்குப் போனது. விண்டோஸ் கணினி வேண்டும், பணம் கட்ட வேண்டும், குறுகிய சோதனைக் காலத்துக்கு மட்டும் இலவசம். தமிழில் இல்லை.

திறந்ததும் உலக வரைபடம் வருகிறது. பாக்கு நீரிணையில் நெடுந்தீவின்மேல் ஊசியைக் குத்தினால், வெயிலையும் காற்றையும் நாசாவின் செய்மதித் தரவிலிருந்து மென்பொருளே இறக்கிக்கொள்ளும். சில நொடி வேலைதான். ஆனால் இந்த வசதியை அப்படியே நம்பிவிடக் கூடாது. அந்தத் தரவின் ஒவ்வொரு கட்டமும் பல பத்துக் கிலோமீற்றர் அகலமானது. நெடுந்தீவின் மொத்தப் பரப்பே ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். ஆகவே கிடைப்பது தீவின் காற்று அல்ல, கடலும் தீவுகளும் குடாநாட்டின் ஓரமும் கலந்த ஒரு சராசரி. வெயிலில் இதனால் பெரிய பிழை வராது. காற்றில் வரும். சோழகம் வீசும் மாதங்களும் அடங்கிக் கிடக்கும் பங்குனி, சித்திரையும் தரவில் ஓரளவு பிரிந்து தெரிகின்றன என்றாலும், வேகம் எவ்வளவு என்பதைக் கம்பம் நட்டு அளந்தவர்தான் சொல்ல முடியும். பனங்கூடல் காற்றை எவ்வளவு மறிக்கிறது என்பதை நிலத்தின் கரடுமுரடு என்ற ஒரே எண்ணால் நாமே ஊகித்துக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது மின்தேவை. இங்கேதான் நயினாதீவு இந்த மென்பொருளைத் திணறடிக்கிறது. குடியிருப்பு, கடைத்தெரு, ஊர் என்று ஆயத்த வார்ப்புகள் இருக்கின்றன. ஆண்டின் உச்ச மாதம் ஜனவரியா, ஜூலையா, எதுவும் இல்லையா என்று கேட்கிறது. குளிர்நாட்டு ஹீற்றரையும் வெப்பநாட்டு ஏசியையும் நினைத்துக் கேட்ட கேள்வி அது. நாகபூசணி அம்மனின் ஆனி மாத மகோற்சவம் அந்தக் கேள்விக்குள் அடங்காது. தேர், தீர்த்தம் வரை தீவின் மக்கள்தொகை பல மடங்காகும் சில நாட்கள், அன்னதான மடங்கள், ஒலிபெருக்கி, இரவெல்லாம் எரியும் விளக்குகள். ஜூலை என்று தெரிவுசெய்தால் மாதம் முழுக்கச் சுமை ஏறிவிடும். திருவிழாவோ பஞ்சாங்கப்படி ஆண்டுக்காண்டு இடம் மாறும். நாகதீப விகாரைக்கு ஆட்கள் திரளும் நாட்கள் வேறு.

இதற்கு ஹோமரில் வழி இருக்கிறது. ஆண்டின் 8,760 மணித்தியாலத்துக்கும் ஒவ்வொரு வரியாகத் தேவையை எழுதிய கோப்பைக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும். மின்நிலையத்தின் பதிவுப் புத்தகத்தைப் பார்த்து விரிதாளில் ஏற்றுவது சலிப்பான வேலை. ஆனாலும் நயினாதீவுக்கு அதைத் தவிர்த்த எந்தக் கணக்கும் பெறுமதியற்றது என்றே சொல்ல வேண்டும்.

டீசலின் கணக்கில்தான் ஹோமர் உண்மையாகவே மின்னுகிறது. மின்பிறப்பாக்கி சும்மா சுற்றினாலும் எண்ணெய் குடிக்கும் என்பதை அது மறப்பதில்லை. 100 கிலோவாட் இயந்திரம் ஒன்று வெறுமனே ஓட மணிக்கு 8 லீற்றர், அதற்குமேல் தரும் ஒவ்வோர் அலகுக்கும் கால் லீற்றர் என்று கொடுத்துப் பார்க்கலாம். நள்ளிரவில் ஊர் தூங்கும்போது 20 கிலோவாட் மட்டும் தேவைப்பட்டால் மணிக்கு 13 லீற்றர், அதாவது அலகுக்கு 0.65 லீற்றர். மாலையில் 80 கிலோவாட் தரும்போது 28 லீற்றர், அலகுக்கு 0.35 லீற்றர்தான். படகேறி வந்த டீசல் எந்த நேரத்தில் வீணாகிறது என்பது உடனே தெரிந்துவிடுகிறது.

அதை வைத்து மென்பொருள் இரண்டு ஓட்ட முறைகளை ஒப்பிடுகிறது. ஒன்றில், இயந்திரம் தேவைக்கு மட்டும் ஓடி, பற்றரியை வெயிலும் காற்றும் நிரப்ப விட்டுவிடும். மற்றதில், ஓடத் தொடங்கினால் முழு வலுவில் ஓடி, மிச்சத்தைப் பற்றரியில் கொட்டிவிட்டு நிற்கும். பங்குனியில் காற்று ஓய்ந்த இரவுகளில் எது மலிவு என்பதை மணித்தியாலம் மணித்தியாலமாக விரித்துப் பார்க்கலாம்.

டீசல் விலைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எண்களைக் கொடுக்கும் வசதியை இலங்கையர் எவரும் தவறவிடக் கூடாது. 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாயாக இருந்த ஒட்டோ டீசல், 2022 ஜூன் முடிவதற்குள் 460 ரூபாயைத் தொட்டது. இரண்டையும் கொடுத்து ஓடவிட்டால் மலிவான அமைப்பு எது என்ற விடை டீசலை விட்டுப் பற்றரிப் பக்கம் நகர்வதைத் திரையில் பார்க்கலாம். டீசலே கிடைக்காத நாட்களை மட்டும் அது தானாக நினைத்துப் பார்ப்பதில்லை. உப்புக்காற்றுக்கும் ஒரு பெட்டி இல்லை. காற்றாலைக்கு 20 ஆண்டு ஆயுள் என்று நிரப்பி வைத்திருப்பதைக் கடலோர அனுபவம் தெரிந்தவர் குறைத்தே எழுதுவார்.

இனி, பெரிய குறை. ஹோமரில் கம்பியே இல்லை. அது வரையும் படத்தில் இரண்டு செங்குத்துக் கோடுகள் இருக்கும்: ஒன்று மாறு மின்னோட்டம், மற்றது நேர் மின்னோட்டம். சூரியத்தகடும் பற்றரியும் ஒரு பக்கம், டீசல் இயந்திரமும் ஊர் வீடுகளும் மறுபக்கம், நடுவில் மாற்றி. இறங்குதுறைக்கு அருகிலுள்ள கடையும் தீவின் மறுகோடியிலுள்ள வீடும் அதற்கு ஒரே புள்ளி.

நிலத்தில் அப்படி இல்லை. 70 சதுர மில்லிமீற்றர் அலுமினியக் கம்பியில், மும்முனை 400 வோல்ற்றில், 20 கிலோவாட்டை 500 மீற்றர் கொண்டுபோனால் வீட்டுக்கு 224 வோல்ற் வரும். அதே கம்பியை ஒன்றரைக் கிலோமீற்றர் இழுத்தால் 211தான். தண்ணிப் பம்பு முனகும், குளிர்சாதனப் பெட்டி திணறும். வழியில் 1.6 கிலோவாட்டுக்கு மேல் கம்பியைச் சூடாக்கியே தீர்ந்துபோகும். நெடுந்தீவு போன்ற பரந்த தீவில் மின்மாற்றியை எங்கே வைப்பது, உயர் அழுத்தக் கம்பியை எதுவரை இழுப்பது, சூரியத்தகடுகளை ஓரிடத்தில் குவிப்பதா பிரிப்பதா என்பவையே முதல் கேள்விகள். ஹோமர் அவற்றுக்கு வாய் திறக்காது. திரையில் மலிவாகத் தெரிந்த அமைப்பு, கம்பிச் செலவைச் சேர்த்ததும் விலை ஏறலாம்.

இந்தப் பாதி வேலைக்கு ஓப்பன்டிஎஸ்எஸ் இருக்கிறது. அமெரிக்க மின்வலு ஆய்வு நிறுவனம் 2008இல் திறந்த மூலமாக வெளியிட்டது, காசு வேண்டாம். அழகான திரையை எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். எந்தக் கம்பத்திலிருந்து எந்தக் கம்பத்துக்கு, எத்தனை மீற்றர், என்ன கம்பி என்று ஒவ்வொரு துண்டையும் ஒரு வரியாகத் தட்டச்சிட வேண்டும். கம்பங்களின் இடத்தைக் கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸில் குறித்து, இன்னொரு இலவச மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில் அடுக்கினால் நீளங்கள் கிடைத்துவிடும். பிறகு ஹோமருக்குக் கொடுத்த அதே 8,760 வரிகளை இதற்கும் கொடுக்கலாம். திருவிழா இரவில் எந்த வீட்டில் வோல்ற் விழும் என்று கம்பம் கம்பமாகச் சொல்லும். வாங்கும் சாமான்களின் விலையைப் பற்றி இதற்கு ஒன்றும் தெரியாது.

ஆக, தீவுக்குத் திட்டம் போடுபவருக்கு ஹோமர் மட்டும் போதாது, அது இல்லாமலும் வேலை நடக்காது. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீட மாணவர் ஒருவர் தன் திட்டப்பணிக்கு இரண்டையும் சேர்த்தே பழகுவது நல்லது. பணம் கட்ட இயலாதவர், ஹோமர் பிறந்த அதே ஆய்வுகூடம் இலவசமாகத் தரும் ரீஆப்ட்டில் தொடங்கலாம். அதுவும் வெயில், காற்று, பற்றரி, டீசல் நான்கையும் எடைபோடும். கம்பிக்கு அதற்குப் பிறகும் ஓப்பன்டிஎஸ்எஸ்ஸிடம்தான் வர வேண்டியிருக்கும்.