விண்வெளி உடைக்கு ஒரே விலையா?

2013 ஜூலை 16. விண்வெளி நிலையத்துக்கு வெளியே மிதந்துகொண்டிருந்த லூகா பார்மிட்டானோவின் தலைக்கவசத்துக்குள் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கசிந்தது. மூக்கை மூடிவிட்டது. மனுஷன் விண்வெளியில் மூழ்கிச் சாகப் பார்த்தார்!

அது உடம்பைக் குளிர்விக்கிற தண்ணீர். வெற்றிடத்தில் உடம்புச் சூட்டை வாங்கிக்கொள்ள காற்று கிடையாது. உள்ளாடையில் தைத்த மெல்லிய குழாய்களில் ஓடும் நீர்தான் சூட்டை வாங்கும். முதுகுப்பையில் வேறு நீர் பனியாக உறைந்து, நேரே ஆவியாகி அதை வெளியேற்றும். அன்றைக்கு நீர் பிரிப்பானின் துளைகள் அடைத்துக்கொண்டன. உடையின் அடிப்படை வடிவமைப்பு 1970களைச் சேர்ந்தது.

புது உடைக்காக நாசா 2022இல் ஆக்ஸியம், காலின்ஸ் என்று இரு நிறுவனங்களைப் பிடித்தது. பேசிய விலைதான், செலவு எகிறினால் நிறுவனத்தின் தலையில். 2024 ஜூனில் காலின்ஸ் கழன்றுகொண்டது. பழைய உடையைப் பராமரித்து, அதன் கோளாறுகளை உள்ளும் புறமும் அறிந்த நிறுவனம் அது. அதே மாதம் 24ஆம் தேதி, பழைய உடையின் குளிரூட்டும் குழாய் இணைப்பில் தண்ணீர் கசிந்து விண்நடை ரத்து.

பேசிய விலை முறை ராக்கெட்டுக்குச் சரிப்பட்டது, ஏன்னா செயற்கைக்கோள் ஏவ ஊர்ப்பட்ட வாடிக்கையாளர் இருக்காங்க. இந்த உடையை நாசாவை விட்டா யார் வாங்குவா? நட்டத்தை எங்கே ஈடுகட்டுவது? ஒப்பந்தத்தில் இப்போது மிச்சம் ஆக்ஸியம் மட்டும்தான்.