உலுக்பேகாக நின்ற கலைஞர்

தாஷ்கந்தில் 1910ஆம் ஆண்டு பிறந்து 1987இல் மறைந்த ஷுக்கூர் புர்ஹானோவ், உஸ்பெக் நாடக மேடையின் கம்பீரக் குரலாக விளங்கியவர். புர்ஹான் என்னும் அரபுச் சொல்லின் பின்னே ஒரு ரஷ்ய விகுதி. அந்நாட்டு முஸ்லிம்களின் ஒரு நூற்றாண்டுச் சரித்திரமே அப்பெயரில் அடங்கிக் கிடக்கிறது. ஹம்ஸா நாடக அரங்கில் அவர் ஏற்ற வேடங்கள் பல. ‘தாஹிரும் ஸுஹ்ராவும்’ (1945) படத்தில் கொடியவன் கராபத்திராக வந்தார். சோவியத் ஒன்றியத்தின் மக்கள் கலைஞர் என்னும் சிறப்பு 1959இல் கிட்டியது. இவற்றை விரைந்து கடந்து மிர்ஸா உலுக்பேகிடம் வருவோம்.

தைமூரின் பேரரான உலுக்பேக் சமர்கந்தில் வானாய்வுக்கூடம் எழுப்பியவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்களுக்கு அட்டவணை கண்டவர். 1449இல் பெற்ற மகன் அப்துல் லத்தீபின் ஏற்பாட்டாலேயே கொலையுண்டார். இத்துயரை நாடகமாக்கிய மக்ஸூத் ஷைக்ஸாதா, 1950களின் தொடக்கத்தில் தாமே சிறைப்பட்டு மீண்ட கவிஞர். ஆட்சியின் கோபம் எத்தகையது என்பதை அவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 1964இல் லத்தீப் பைஸியேவ் இக்கதையை ‘உலுக்பேகின் விண்மீன்’ எனப் படமாக்கினார். (1980இல் இந்தியக் கலைஞர்களுடன் இணைந்து அலிபாபா கதையைப் படமாக்கியவரும் இவரே.)

அறிவு ஒருபுறம், மார்க்கம் மறுபுறம் எனப் பிரித்துக் காட்டுவது அக்காலச் சோவியத் கலையின் வழக்கம். இக்கதையும் அதற்கு முற்றும் தப்பவில்லை. இதில் நமக்கு உடன்பாடில்லை. புகாராவிலும் சமர்கந்திலும் மதரஸாக்கள் கட்டியவர் உலுக்பேக். 1941இல் கோரி அமீரில் அவருடைய கப்று திறக்கப்பட்டபோது, அணிந்திருந்த உடையுடனேயே, ஷஹீதுக்குரிய முறையில் அவர் அடக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அடக்கியவர்கள் அவரை மார்க்கத்துக்குப் புறம்பானவராக எண்ணவில்லை.

எனினும் புர்ஹானோவை இக்குறை தீண்டவில்லை என்பேன். கொள்கை வாதம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. அவர் தாங்கி நிற்பது மகனிடம் தோற்ற ஒரு தகப்பனின் துயரத்தை. ஐந்தாண்டு கழித்து, 1969இல், அதே கலைஞர் மேடையில் ஈடிபஸ் ஆனார். அறியாமல் தந்தையைக் கொன்ற மகன்! கொலையுண்ட தந்தையையும் கொன்ற மகனையும் ஒருவரே ஏற்பது எளிதில் வாய்ப்பதன்று.

உலுக்பேக் படம் வந்த 1964இலேயே, அலி ஹம்ராயேவின் ‘எங்கே நீ, என் ஸுல்பியா?’ என்னும் நகைச்சுவைப் படத்திலும் அவர் தோன்றினார். தொலைக்காட்சியில் கண்ட பெண்ணைத் தேடிப் புறப்படும் மகனுக்கு, ஊர் ஊராக வழித்துணையாகும் தகப்பனார் வேடம் அது.