கொந்தளிக்கும் சூரியன்

சூரியனுடைய மேற்பரப்பின் உஷ்ணம் ஏறத்தாழ 5,800 கெல்வின்தான் என்றிருக்க, அதைச் சூழ்ந்து நின்று பூரண கிரகணத்தின்போது மட்டும் வெறுங்கண்ணுக்குப் புலப்படும் கரோனாவிலோ அது பத்து லட்சம் கெல்வினைத் தாண்டிவிடுகிறது. அடுப்பை விட்டு விலக விலக அனல் தணிவதே உலக நியாயமாதலால், 1869-ஆம் வருஷத்துக் கிரகணத்தில் கரோனாவின் நிறமாலையில் தென்பட்ட ஒரு பச்சைக் கோட்டுக்குக் காரணம் தேடியவர்கள், பூமியில் இல்லாத 'கரோனியம்' என்றொரு மூலகத்தைக் கற்பித்துக்கொண்டார்களே தவிர, அவ்வளவு கொதிப்பை நினைத்துப் பார்க்கவும் துணியவில்லை. அத்தகைய கொதிப்பில் 13 எலெக்ட்ரான்களை இழந்த சாதாரண இரும்புதான் அந்தக் கோட்டை உண்டாக்குகிறது என்பதை, ஜெர்மனியின் குரோட்ரியான் காட்டிய வழியில் சென்று, ஸ்வீடன் தேசத்து எட்லேன் 1940-களின் தொடக்கத்தில் ஸ்தாபித்தார்.

கரோனாவைச் சூடேற்றும் சக்திக்குச் சூரியனின் மேற்பரப்பில் பஞ்சமில்லை. ஆயிரம் கிலோமீட்டர் அகலமுள்ள வாயுத் திரள்கள் அடியிலிருந்து பொங்கி எழுந்து, சுமார் பத்து நிமிஷத்தில் கலைந்து, வேறு திரள்களுக்கு இடம்விட, அவற்றில் வேரூன்றிய காந்தக் கோடுகள் ஓயாமல் முறுக்கப்படுகின்றன. மேற்பரப்பில் கறுப்பாகத் தெரியும் சூரியப் புள்ளிகளில் காந்தப் புலம் உண்டென்று வானியலாளர் ஹேல் 1908-இல் கண்டார். புள்ளிகளைச் சுழற்காற்றுகள் என்றே அவர் எண்ணியிருந்தார். மறு வருஷம் ஜனவரியில் நம் கோடைக்கானலில் வானியலாளர் எவர்ஷெட் எடுத்த நிறமாலைப் படங்களோ, புள்ளியின் விளிம்பில் வாயு சுழலாமல் நாலா புறமும் வெளிநோக்கிப் பாய்வதைக் காட்டின.

இந்தக் கொந்தளிப்பின் சக்தி கரோனாவில் எவ்விதம் உஷ்ணமாகிறது என்பதிலேதான் விவாதம். பௌதிக அறிஞர் ஆல்ஃப்வேன் 1942-இல் கூறிய காந்த அலைகள் ஏறிச் சென்று தேய்கின்றன என்பர் ஒரு சாரார். பின்னிப் பிணைந்த காந்தக் கோடுகள் அறுந்து சேரும்போது எண்ணற்ற நுண்வெடிப்புகள் நிகழ்கின்றன என்பது பௌதிக அறிஞர் பார்க்கரின் கட்சி. பெருஞ்சுழிகள் சிறுசுழிகளாக உடைந்து கடைசியில் உஷ்ணமாய்க் கரைகின்றன என்று கணித அறிஞர் கல்மகோரவ் 1941-இல் நீருக்கும் காற்றுக்கும் வகுத்த நெறி, காந்தத்துக்குக் கட்டுப்பட்ட மின்னூட்ட வாயுவாகிய பிளாஸ்மாவிலும் ஒருவாறு செல்லுபடியாவதால், இவ்விரு கட்சிகளும் ஒரே கொந்தளிப்பின் இரண்டு முகங்களாக இருக்கலாம் என்பதே என் அபிப்பிராயம்.

அந்தப் பார்க்கர்தான் கரோனாவிலிருந்து ஓயாமல் வெளியே பாயும் சூரியக் காற்றையும் முன்னறிவித்தவர். 1958-இல் அவர் எழுதிய கட்டுரையை மதிப்பீட்டாளர் இருவரும் நிராகரித்தபோதிலும், கணிதத்தில் பிழை இல்லாமையால், தமக்கும் அதில் நம்பிக்கை இல்லாத பத்திராதிபர் சந்திரசேகர் அதைப் பிரசுரித்தார்! 1962-இல் மாரினர்-2 விண்கலம் அக்காற்றை ஐயமற நிரூபித்தது. 2018-இல் புறப்பட்ட பார்க்கர் விண்கலம், காந்தப் புலத்தின் திசை திடீரென்று பின்னோக்கி வளைந்து சில நிமிஷங்களிலேயே மீண்டும் நேராவதைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்ததோடு, 2021 ஏப்ரலில் கரோனாவுக்குள்ளேயே நுழைந்தது.

கருந்துளைகளைச் சுற்றும் வாயுத் தட்டுகளிலும் இதே கொந்தளிப்பின் கதைதான். வெலிகோவ் என்ற அறிஞரும் அதே சந்திரசேகரும் 1959, 1960-இல் கணித்து வைத்திருந்த ஒரு நிலையின்மைதான் அத்தட்டுகளைக் கொந்தளிக்கச் செய்து வாயுவை உள்ளே விழவிடுகிறது என்று வானியலாளர்கள் பால்பஸும் ஹாலியும் 1991-இல் எடுத்துரைத்தனர். அங்கே கருவியை அனுப்ப வழியில்லை. ஆகையால் கொந்தளிப்பு எவ்விதம் உஷ்ணமாகிறது என்று சூரியனில் தீராத வழக்கு அங்கே முதலில் தீர்ந்துவிடும் என்று நம்ப இடமில்லை.